திருப்பாத படகு

ஜூன் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பது எங்களைவிட முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று காலை ஷெட்டில் மீன் வெட்டும் வரிசையை மேற்பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவது அங்கே இருக்கும் பெண்களுக்கு வழக்கம். இன்று நான் வருவதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை நீட்டினாள். "அக்கா, இது உங்க வீட்டுக்காரரோட படகுதானே?"

உன் மாமாவின் படகுதான். பக்கத்தில் துறைமுகப் போலீசின் படகு. மேல்தளத்தில் குற்றவாளி மாதிரி நிற்பவர் உன் மாமா. கூலியாட்களைக் கொடுமைப்படுத்திய ஆழ்கடல் படகு வெளிநாட்டுத் துறைமுகத்தில் பிடிபட்டது என்று கீழே எழுதியிருந்தது. பிடித்துக் கொடுத்தது, மீன்பிடித் தொழிலாளர் நிலைமையைச் சீராக்கப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் திட்டம். படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக நிற்கிற அந்தத் திட்டத்து ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கு நான்தான் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்தேன்.

உனக்கு ஒரு போன் செய்ய முடியவில்லையா? "அக்கா, மாமா படகுல ஏறப் போறேன், மனச தேத்திக்கோ" என்று ஒரு வார்த்தை? ஊரார் போனில் பார்த்துத்தான் என் புருஷன் எங்கே இருக்கிறார் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

படகு முதலாளி போனை எடுப்பதில்லை. மாமாவின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கரையில் இறங்க விடவில்லையாம். நீ செய்ததற்குக் காரணம் இருந்தால் எழுது. என்னைப் போனில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அந்தச் சுகத்தை உனக்குக் கொடுக்க மாட்டேன்.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

காரணம் கேட்டாய். எழுதுகிறேன்.

ஒரு படகில் ஏறப் போகிறோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது. சொந்தக்காரர்களிடம் கட்டாயம் சொல்லக் கூடாது. சொன்னால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் படகு வேறு கடலில் இருக்கும். எந்தப் படகு என்று தெரிந்ததும், இதில் எனக்கு உறவு இருக்கிறது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று மேலே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கூலியாட்களின் பேச்சு எங்கள் குழுவில் எனக்கு மட்டும்தான் தெரியும். "மொழிபெயர்க்க மட்டும் போ" என்றார்கள். போனேன்.

இனி நடந்ததைக் கேள். அந்தப் படகு ஒரு வருஷத்துக்கு மேல் எந்தக் கரையையும் தொடவில்லை. பிடித்த மீனைப் பெரிய கப்பல் ஒன்று நடுக்கடலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். எண்ணெயும் அரிசியும் அதுவே கொடுக்கும். கறிகாய் கிடையாது. ஆட்கள் வெறும் சோற்றையும் தூண்டிலுக்கு வைத்திருந்த இரைமீனையும் மாதக்கணக்கில் தின்றிருக்கிறார்கள். அப்படித் தின்றால் உடம்பில் சத்து அற்றுப்போய்க் கால் வீங்கும், வீக்கம் மேலே ஏறும், மூச்சு முட்டும். கரைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

அந்தப் படகில் ஒருவரை எல்லாரும் 'நெட்டை' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். படுக்கைப் பலகைக்குள் அடங்காத உயரம், அதனால் ஐஸ் அறைக்குப் போகும் வழியில் படுப்பாராம். அவருக்குக் கால் வீங்கியது. கரைக்குப் போகலாம் என்று கேப்டனிடம் கேட்டார். கூட இருந்தவர்களும் கேட்டார்கள். கேப்டன் படகைத் திருப்பவில்லை. நெட்டை செத்துப் போனார். உடம்பைக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

திருப்ப வேண்டாம் என்று ரேடியோவில் சொன்னது முதலாளி. அது எனக்கு உறுதி. ஆனால் அதைக் காதால் கேட்டவர் கேப்டன் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் சொல்லாவிட்டால் முதலாளி கையைக் கழுவிவிடுவான், பழி முழுவதும் கேப்டன் தலையில் விழும். நீ சொன்னால் கேட்பார். உண்மையைச் சொல்லச் சொல்.

தம்பி


ஜூன் 14

திட்டத்து அதிகாரிக்கு,

'கேப்டன்' என்று எழுதியிருக்கிறாய். எத்தனை தடவை என்று எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணியிருந்தால் இன்னும் எரிந்திருக்கும். என் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நீ மாமா என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. முதல் தடவை அவரோடு கடலுக்குப் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாய். உன்னைத் தோளில் தூக்கிவந்து வீட்டு வாசலில் போட்டவர் அவர். "இவனுக்குக் கடல் ஒத்துக்காது, படிக்க வைப்போம்" என்று சொன்னவரும் அவர்தான். படிக்க வைத்தோம். படித்துவிட்டு வந்து அவரையே பிடித்துக் கொடுத்தாய். வேலி பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே பயிர் வேலியை மேய்ந்திருக்கிறது.

ஒருத்தர் இறந்தார் என்று எழுதினாயே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் நெஞ்சு இருக்கிறது. ஆனால் கடலில் யாரும் சாவதே இல்லையா? முதலாளி சொல்லை மீறிப் படகைத் திருப்பினால் அடுத்த நாளிலிருந்து எந்தப் படகிலும் அவருக்கு இடம் இருக்காது. அது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவரை ராட்சசன் ஆக்குகிறாய்.

இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று உன் அட்டைக் கழுத்துக்காரர்களைக் கேள். ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை. தார்ப்பாயில் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடிக்கிறாராம். உங்கள் திட்டம் கூலியாட்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறதாமே. என் புருஷன் தொழிலாளி இல்லையா? உங்கள் திட்டத்தில் அவர் வயிறு சேராதா?

நேற்று முதலாளியின் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "நெஞ்சு வலியில திடீர்னு போயிட்டாருன்னு கேப்டன் ஒரு கையெழுத்து போட்டா போதும்மா. வக்கீல் நாங்க பாத்துக்கறோம். அடுத்த வாரமே வீட்ல இருப்பார்" என்றார். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் என் புருஷனை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்கிறார். நீ என்ன அனுப்பினாய்?

கையெழுத்துப் போடச் சொல்லத்தான் போகிறேன்.

அவருடைய மனைவி


ஜூன் 20

அக்காவுக்கு,

பொட்டலம் எல்லாருக்கும்தான் கொடுத்தோம். அவருக்கும் கொடுத்தோம். அவர் வாங்கவில்லை. நானே ஏணியில் ஏறிப்போய் நீட்டினேன். சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "வெச்சிட்டுப் போ" என்றுகூடச் சொல்லவில்லை. நான் இறங்கியபிறகு ஆள்விட்டு அதைக் கீழே கூலியாட்களிடம் அனுப்பிவிட்டார். அவர் வீம்புக்கு என் திட்டம் என்ன செய்யும்?

நான் அவரை ராட்சசன் என்று எழுதவில்லை. ராட்சசனாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். முதலாளி சொன்னான், சரி. ஆனால் முதலாளி கரையில் ஏசி அறையில் இருந்தான். சக்கரம் இவர் கையில் இருந்தது. நெட்டை படுத்திருந்த வழியை நான் பார்த்தேன். சக்கர அறைக்குப் போக ஒவ்வொரு தடவையும் அவரைத் தாண்டித்தான் இவர் போயிருக்க வேண்டும். தாண்டிப் போயிருக்கிறார்.

பிழைப்பு போய்விடும் என்கிறாய். எல்லாப் படகிலும் எல்லாக் கேப்டனும் இதைத்தான் சொல்கிறார்கள். நீயும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். உன் ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் காலூன்றி நிற்கிற பெண் பாத்ரூம் போகக் கேட்டால் மணியைப் பார்க்கிறாயே, அதை யார் சொல்லிச் செய்கிறாய்? மேலே இருப்பவன் சொல்லித்தானே. உங்கள் வீட்டில் எல்லாரும் சொன்னதைச் செய்கிறவர்கள். செத்தவர் மட்டும்தான் சொந்தமாக ஒன்று கேட்டிருக்கிறார்.

நெஞ்சுவலி என்று கையெழுத்துப் போட்டால் கேஸ் அதோடு முடிந்தது. நெட்டையின் மனைவிக்கு, புருஷன் எப்படிச் செத்தார் என்பதே தெரியாமல் போய்விடும். உன் வீட்டில் நீ நன்றாகத் தூங்கு.

தம்பி என்று இந்தத் தடவை போடவில்லை. நீயும் எதிர்பார்க்க மாட்டாய்.


ஜூலை 2

ஒரு கேள்வி முதலில். என் விலாசத்தை அவளுக்கு யார் கொடுத்தது?

யார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நடந்தது உனக்கு வரிவரியாகத் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது வீட்டுக்காரி மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தாள். "உங்களத் தேடித்தான் போல இருக்கு. தெரு முழுக்க எல்லா வீட்டுக் கதவையும் தட்டிட்டு வருது இந்தப் பொண்ணு." அவள் பின்னால் ஒருத்தி நின்றாள். என்னைவிடச் சின்னவள். தோளில் ஒரு துணிப்பை, காலில் இரண்டு விதமான செருப்பு. வழியில் ஒன்று அறுந்துபோய் யாரோ ஒற்றைச் செருப்பு கொடுத்திருக்க வேண்டும்.

"நீங்க கேப்டன் வீட்டம்மாவா?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் நெட்டையோட சம்சாரம்" என்றாள். அவரை வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

கதவைச் சாத்தத்தான் நினைத்தேன். "அவர் வீட்ல இல்லம்மா" என்றேன். "தெரியும்கா. அவர் என்கிட்ட பேசினா போதும்" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை, மாரடிக்கவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும், நானும் இரண்டு வார்த்தை பேசி அனுப்பியிருப்பேன். அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தாள். அப்புறம் வெயிலில் உட்கார வைக்க மனசு கேட்கவில்லை, உள்ளே கூப்பிட்டேன்.

மாமாவுக்குப் போன் போட்டேன். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார். "நெட்டையோட சம்சாரம் வந்திருக்கு" என்றேன். "குடு" என்றார்.

ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன். உன்னிடமும் போலீசிடமும் பேசாத மனிதர் அவளிடம் பேசினார்.

அவள் கேட்டது எல்லாம் சின்னக் கேள்விகள். கடைசியாக என்ன சாப்பிட்டார், யார் பக்கத்தில் இருந்தது, வலி இருந்ததா. சாப்பிடவில்லை, சர்க்கரைத் தண்ணீர் மட்டும் கேட்டார் என்றார் மாமா. மூச்சு முட்டியதால் மேல்தளத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாராம், மாமாவே. காற்றுப்படும்படி சாய்த்து உட்கார வைத்திருக்கிறார். விடிந்தபோது சாய்ந்தபடியே இருந்தாராம்.

"எங்க வெச்சு இறக்குனீங்க?" என்று கேட்டாள். "கரையே தெரியாத எடம்மா" என்றார்.

பிறகு கேட்டாள்: "எங்க ஆளு உங்ககிட்ட கேட்டாராமே. நீங்க படகைத் திருப்பியிருக்கலாமில்ல?"

நான் அவரிடமிருந்து பதிலை எதிர்பார்த்தேன். முதலாளி சொன்னான், எண்ணெய் இல்லை, கரை தூரம், ஏதாவது ஒன்று. உனக்கு நான் எழுதிய பதில்கள் எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தன, அவர் மறந்தால் எடுத்துக் கொடுக்கலாம் என்று.

"திருப்பியிருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தப் பக்கம் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

அன்றைக்கு அவளை என் வீட்டில் படுக்க வைத்து மறுநாள் பஸ் ஏற்றிவிட்டேன். என் செருப்பில் ஒரு ஜோடியைப் போட்டு அனுப்பினேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உன் மாமா வாக்குமூலம் கொடுக்கப் போகிறார். மேனேஜர் வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. இதெல்லாம் உன் மெயிலைப் படித்ததால் நடந்தது என்று நினைத்து மார் தட்டிக்கொள்ளாதே. உன் மெயிலைப் படித்து நாங்கள் கல்லாகத்தான் ஆனோம்.

புருஷனைப் பறிகொடுத்தவளைத் தூண்டிலில் இரை மாதிரி கோத்து என் வீட்டு வாசலில் போட்டாய். மீன் கடித்துவிட்டது. சந்தோஷமா?


ஜூலை 8

அக்கா,

விலாசம் நான்தான் கொடுத்தேன். எங்கள் விதிப்படி கொடுக்கக் கூடாது. இரை என்று எழுதினாய். அந்த வார்த்தையை நான் மறுக்கப் போவதில்லை. அவர்தான் கேட்டார், கெஞ்சிக் கேட்டார் என்று சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் அவர் கேட்காமல் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேன். நீ கதவைச் சாத்த மாட்டாய் என்று தெரியும். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததை உனக்கு எதிராகவே பயன்படுத்தினேன்.

வாக்குமூலம் நேற்று முடிந்தது. எனக்கு உள்ளே இடம் இல்லை. விலாச விஷயம் மேலே தெரிந்துவிட்டது, என்னை இந்தக் கேஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை இருக்கிறது. பெரும்பாலும் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். மொழிபெயர்க்க வெளியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார்கள்.

நான் கீழே வராந்தாவில் காத்திருந்தேன். மத்தியானம் மாமா இறங்கி வந்தார். இளைத்துவிட்டார், பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தார். என்னைத் தாண்டிப் போனார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எழுந்து நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

"நீ குடுத்த அட்ரஸ்ல கதவு நம்பர் தப்பு" என்றார். "அந்தப் பொண்ணு செருப்பு அறுந்து தெருத்தெருவா அலைஞ்சிருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி ரேடியோவில் சொன்னதை, சொன்ன வார்த்தைகளோடு அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "திருப்பாமல் இருந்தது நான்" என்பதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார். அந்த வரி தேவையில்லை என்று வக்கீல் சொல்லிப் பார்த்தாராம். எடுக்க மாட்டேன் என்றுவிட்டாராம்.

ஷெட்டைப் பற்றி எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உன்னைக் காயப்படுத்தத்தான் எழுதினேன், அந்தப் பெண்களுக்காக எழுதவில்லை. அந்த வித்தியாசம் உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

மாமா வந்ததும் வீட்டுக்கு வரலாமா?

தம்பி


செப்டம்பர் 11

தம்பிக்கு,

உன் கேள்விக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எழுதாததே பதில் என்று நீ புரிந்துகொண்டிருப்பாய் என நினைத்தேன். மறுபடி மறுபடி கேட்டு எழுதுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

உன் மாமா வந்துவிட்டார். முதலாளி மேல் கேஸ் நடக்கிறது. இவர் மேலும்தான். படகு ஓட்டும் சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள், திரும்பக் கிடைக்காது என்கிறார் வக்கீல். துறைமுகத்தில் பழைய கூட்டாளிகள் இவரைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள். ஒருவன் டீக்கடையில் எல்லார் காதிலும் விழும்படி, "முதலாளிய காட்டிக் குடுத்த மகராசன் வரார், எடம் விடுங்கப்பா" என்றானாம். இவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்திருக்கிறார். உன்னை மாதிரியே வீம்பு. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரியவில்லை.

நெட்டையின் மனைவிக்கு, சாவுக்கான காரணத்தைச் சரியாக எழுதிச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்களாம். போன் செய்து சொன்னாள். அவள் அவ்வப்போது பேசுகிறாள். என்ன பேசுகிறோம் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஷெட் முதலாளியும் படகு முதலாளியும் சம்பந்திகள். அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால்கூட ஒன்றும் மாறியிருக்காது. என்னை மேற்பார்வையிலிருந்து எடுத்து வெட்டும் வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள். தண்ணீர் நீ எழுதியதைவிடக் குளிர். முதல் நாள் என் பக்கத்தில் நின்றவள், பாத்ரூம் போகக் கேட்டபோது நான் மணி பார்த்து அனுப்பிய அதே பெண். கத்தியை எப்படிப் பிடித்தால் விரல் மரத்துப்போகாது என்று சொல்லிக் கொடுத்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டேன், எனக்குச் சேர வேண்டியதுதான்.

நீ சொன்னது எல்லாம் உண்மை. உண்மையைச் சொல்ல உன்னைத் தவிர யாருமே இல்லாத மாதிரி சொன்னாய், பார், அதுதான் எனக்குச் செரிக்கவில்லை. நீ எழுதாமல் அவராகவே ஒருநாள் சொல்லியிருப்பாரா என்று யோசிக்கிறேன். சொல்லியிருக்க மாட்டார். அதற்காகவும் உன்மேல் கோபம் வருகிறது. இது நியாயமில்லை என்று தெரியும். நியாயம் பேச நம் வீட்டில் நீ ஒருத்தன் இருக்கிறாய், போதும்.

வேலை போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நேற்றுச் சாப்பிடும்போது உன் மாமா கேட்டார்: "உன் தம்பி ஏன் இன்னும் வரல?"

"நான் கூப்பிடல" என்றேன்.

"கூப்பிடு" என்றார்.

"முடியாது" என்றேன்.

"சரி, நான் கூப்பிட்டேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். அவர் கூப்பிடுகிறார். நான் கூப்பிடவில்லை. இரண்டும் ஒரே வீடுதான், ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. வருவதாக இருந்தால் அவரைப் பார்க்க வா. திங்கள் முதல் சனி வரை எனக்குக் காலை ஷிப்ட். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வா.

அக்கா